விட்ட பிறகு வரும் மனம்

நெடுங்காலம் புகைத்தவரின் சுட்டுவிரலும் நடுவிரலும் மஞ்சளேறிக் கிடக்கும். சிலருக்கு அந்தக் கறை நகம் வரை பரவிப் பழுப்பாகி, சோப்புக்கும் மசியாமல் எலுமிச்சைக்கும் மசியாமல் நிற்கும். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள் அடியோடு நிறுத்திவிட்டால், சில வாரங்களில் அவர் நகத்தில் ஒரு கோடு தெரியத் தொடங்கும். கோட்டுக்குக் கீழே, நகம் முளைக்கும் பக்கம், புது நகத்தின் இளஞ்சிவப்பு. மேலே, நுனி வரைக்கும், பழைய பழுப்பு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே அந்தக் கோடு மெல்ல மெல்ல மேலேறி, கறைபட்ட கடைசித் துணுக்கும் நகவெட்டியில் விழுவதற்கு அரை ஆண்டு ஆகிவிடும். விவரமறிந்த மருத்துவர் அந்தக் கோடு நிற்கும் இடத்தை வைத்தே இவர் விட்டு எத்தனை வாரமாகிறது என்று ஏறத்தாழச் சொல்லிவிடுவார்.

மனிதர் விட்டுவிட்டார், கறை இன்னும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் கிடக்கிறது. புகையை விடுவது பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஆறு மாதத்தைப் பற்றி மட்டும் போதிய அளவு சிந்தித்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

"மனசு வரணும். மனசு வந்துட்டா ஒரே நாள்ல விட்டுடலாம்." டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இழுப்பவர் இதைச் சொல்கிறார். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன அவர் மனைவியும், "அவருக்கா மனசு வந்தாத்தாங்க உண்டு" என்கிறார். இந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஒரு முழுத் தத்துவம் ஒளிந்திருக்கிறது. முதலில் உள்ளே ஆசை வற்ற வேண்டும். வற்றிவிட்டால் கை தானே ஓய்ந்துவிடும். மனம் முன்னே போகும், செயல் அதன் பின்னே வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பியவர்கள் காத்திருக்கிறார்கள். பொங்கல் வரட்டும் என்று, மகள் கல்யாணம் முடியட்டும் என்று, ஆபீசில் மார்ச் மாதக் கணக்கு ஓயட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆசை வற்றும் நாளை எதிர்பார்த்துக்கொண்டே முப்பது ஆண்டுகள் அந்த ஆசைக்கு அன்றாடம் தீனி போடுகிறார்கள்.

இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ ஸ்வேவோ 1923இல் வெளியிட்ட 'ஜீனோவின் மனசாட்சி' என்ற நாவலின் நாயகன் இந்தக் காத்திருப்பின் உச்சம். கடைசி சிகரெட், கடைசி சிகரெட் என்று தேதி குறித்துக் குறித்து அவன் தன் அறைச் சுவரையே நிரப்பிவிடுகிறான். கடைசி என்று நினைத்துப் புகைக்கும்போது கிடைக்கிற ருசி வேறெந்த சிகரெட்டிலும் அவனுக்குக் கிடைப்பதில்லை. விடப்போகிறேன் என்ற உறுதிமொழியே புகைக்கு ஊறுகாயாகிவிட்ட நிலை அது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் நம்மில் எத்தனை பேருடைய நல்ல தீர்மானங்கள், தீர்மானித்த இன்பத்தோடேயே செலவழிந்து போயிருக்கின்றன என்று எண்ணினால் சிரிப்பு அவ்வளவு எளிதாக வராது.

மனம் வரட்டும் என்கிறோமே, புகைக்கும்போது அந்த மனம் எங்கே இருந்தது? ஒரு பெட்டிக்கடையை நினைத்துப் பாருங்கள். தூணில் கட்டிய தேங்காய் நார்க் கயிற்றின் நுனி நாள் முழுதும் கனன்றுகொண்டிருக்கும். சில கடைகளில் சிறு சிமினி விளக்கு எரியும். பக்கத்து டப்பாவில் காலி சிகரெட் அட்டையைத் தீக்குச்சி அகலத்துக்கு நறுக்கிப் போட்டிருப்பார்கள். இப்போது லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வருகிறவர் யாரிடமோ செல்பேசியில் பேசிக்கொண்டே ஒரு விரலைக் காட்டுகிறார். கடைக்காரர் எதுவும் கேட்காமல் அவருடைய வகையில் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். அவர் கை பாராமலே கயிற்றைப் பிடிக்கிறது, நுனியைத் தொடுகிறது, விட்டுவிடுகிறது. பேச்சு ஒரு சொல் கூடத் தடைப்படவில்லை. பாதி எரிந்த பிறகுதான் கையில் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிகிறது. மனம் இல்லாமலே இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

நாளுக்கு 20 சிகரெட் என்றால் ஆண்டுக்கு 7,300. ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73,000 இழுப்பு. முப்பது ஆண்டில் ஏறக்குறைய 22 லட்சம். ஒவ்வொரு இழுப்பிலும் நிகோடின் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து பத்து இருபது நொடிக்குள் மூளையைத் தொடுகிறது. கைக்கும் வாய்க்கும் மூளைக்கும் நடுவே 22 லட்சம் முறை படித்த பாடம் இது. வாழ்நாள் முழுதும் மந்திரம் ஜபித்தவர்களில்கூட இந்தக் கணக்கை எட்டியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். காலைக்கடன், டீ, சாப்பாடு, பஸ் வரும் வரையிலான நேரம், நல்ல செய்தி, கெட்ட செய்தி என்று நாளின் மூட்டு ஒவ்வொன்றிலும் புகை போய் உட்கார்ந்துவிடுகிறது. பழக்கம் என்று நாம் சொல்வது மனதின் ஒரு மூலையில் கிடக்கும் எண்ணமல்ல. அது ஒரு மனிதர் தம்மைத் தாமே திரும்பத் திரும்பச் செய்து கட்டி எழுப்பிய உருவம். இத்தனை செய்கையால் கட்டியதை ஒரு நினைப்பு வந்து இடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

"டென்ஷன் ஆனா ஒண்ணு வேணும் சார்" என்பதும் நாம் அன்றாடம் கேட்பதுதான். இதைப் பொய்யென்று தள்ள முடியாது. இழுத்தவுடன் அவருக்கு இதமாக இருப்பது உண்மை. ரத்தத்தில் நிகோடினின் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய ஒரு நமைச்சல், ஒரு எரிச்சல், எதிலும் நிலைகொள்ளாமை. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. தணிந்ததை அவர் நிம்மதி என்கிறார். அந்த எரிச்சலை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான் என்பது அவருக்குத் தெரிவதில்லை. புகைக்காதவருக்கு அந்த நிம்மதி காலையில் எழுந்தது முதலே சும்மா இருக்கிறது என்பதும் தெரிவதில்லை. கந்துவட்டிக்காரர் வட்டி கட்டுவதற்கே மறுபடி கடன் கொடுக்கிறார். வாங்கியவர் அவரைத் தெய்வம் என்று கும்பிடுகிறார். புகையில் மட்டுமா இது? தான் உண்டாக்கிய குறையைத் தானே தீர்த்துவைத்து, அதற்கு நம்மிடம் நன்றியும் வாங்கிக்கொள்ளும் பொருள்களும் மனிதர்களும் அமைப்புகளும் நம் வாழ்வில் எத்தனை என்று ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கத்தக்கது.

அறிவு வந்தால் விட்டுவிடலாமே என்றால், அறிவு ஒன்றே போதாது என்பதற்குச் சிக்மண்ட் ஃப்ராய்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மனித மனதின் நிலவறைகளுக்குள் விளக்கோடு இறங்கியவர் அவர். நாளுக்கு 20 சுருட்டு வரை புகைத்தார். 1890களிலேயே இதயத் தொல்லை கண்டு, நண்பரான மருத்துவர் ஃப்ளீஸ் விடச் சொன்னார். விட்டார், திரும்பினார். 1923இல் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. தாடையின் ஒரு பகுதியை அகற்றிச் செயற்கைப் பகுதியைப் பொருத்தினார்கள். அதன் பிறகும் சுருட்டு அவரை விட்டுப் போகவில்லை. 1939இல் லண்டனில் இறந்தார். அவர் அறியாத ஏதோ ஒன்றைச் சிகரெட் அட்டையில் அச்சிட்டு நம்மால் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

அறிவும் போதாது, ஆசை வற்றும் வரை காத்திருந்தும் பயனில்லை என்றால் வழிதான் என்ன? கார்த்திகை முதல் நாள் நம் ஊர்களில் ஒரு வியப்பு நடக்கிறது. ஆண்டுதோறும் நடப்பதால் நமக்கு அது வியப்பாகத் தெரிவதில்லை. நாளுக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவர் குருசாமி கையால் மாலை போட்டுக்கொள்கிறார். அன்று காலையோடு சிகரெட் நிற்கிறது. (நிறுத்தாத சாமிகளும் உண்டு என்பது நமக்குத் தெரியும், நிறுத்துகிறவர்களைப் பற்றியே இங்கே பேச்சு.) மனசு வந்ததாலா நிறுத்தினார்? முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு வாசலில் நின்று ஆசைதீர ஒன்றை இழுத்தவர்தான் அவர். ஆசை அப்படியே இருக்கிறது, கை நின்றுவிட்டது. ஒரு மண்டலம் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக அதே டீக்கடையில் நின்று டீ மட்டும் குடிக்கிறார். பழகிய உடலிலிருந்து நிகோடின் விலகும்போது ஏற்படும் அவதி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அப்படியானால் மலைக்குப் புறப்படும் முன்பே, எதைக் கடக்க முடியாது என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தாரோ அதை அவர் கடந்துவிட்டிருக்கிறார்.

இருந்தும் ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே தெருமுனைக் கடையில் நிற்கிறார்.

இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மண்டலம் நின்றவரிடம் உறுதிக்கு என்ன குறை? புகைப்பதை அவர் நிறுத்தினார். புகைப்பவன் என்ற தன்னை நிறுத்தவில்லை. சில நாள் ஒதுங்கி இரு என்று அவனிடம் சொல்லிவைத்தார், அவ்வளவுதான். விரதம் முடிந்ததும் அவன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். அந்த நாற்பத்தொரு நாளும் அவருக்குக் கிடைத்த அரிய தனிமையில், இத்தனை காலம் தம்மை ஆட்டிவைத்தது என்ன, அது இல்லாமல் தாம் யார் என்ற கேள்வி ஒருமுறையும் எழவில்லை. எழுப்பும்படி அவரிடம் யாரும் சொல்லவுமில்லை.

திருக்குறளின் துறவறவியலில் பரிமேலழகர் கொண்ட அதிகார வரிசையைப் பாருங்கள். 35ஆம் அதிகாரம் துறவு. 36 மெய்யுணர்தல். 37 அவாவறுத்தல். பள்ளியில் அதிகாரப் பெயர்களை ஒப்பித்த நாளிலிருந்து இந்த வரிசை நம் வாயில் இருக்கிறது, கருத்தில் இருந்ததில்லை. அவா அற்றவன்தானே துறக்க முடியும்? ஆனால் துறவு முதலில் நிற்கிறது, அவாவை அறுப்பது கடைசியில் நிற்கிறது. உலகையே துறக்கும் முனிவருக்குச் சொன்னதை ஒரு சிகரெட்டுக்குப் பொருத்துவது மிகையாகாதா என்று கேட்கலாம். ஆகாது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு பொருளாக நீங்குவதிலிருந்துதான் அந்தத் துறவு அதிகாரமே தொடங்குகிறது. விடுவது முதலில். ஆசை அறுவது பிறகு. இரண்டுக்கும் நடுவே மெய்யைக் காணுதல் என்ற படி ஒன்று இருக்கிறது. மாலையைக் கழற்றியவர் தாண்டி வந்தது அந்தப் படியைத்தான்.

அப்படிக் காண்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? முதலில் வெறுமை இருக்கிறது. சாப்பிட்டு எழுந்தவுடன் ஐந்து நிமிடம் சும்மா கிடக்கிறது; கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல் பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. நெருப்பு கேட்டுப் பழகிய நட்புகள் மெல்ல விலகுகின்றன. இதுவும் இழப்புதான், இல்லை என்று சொல்லித் தேற்றுவது நேர்மையாகாது. மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். உள்ளே அவர் தாயார். முன்பானால் "இதோ வந்துடறேன்" என்று இரண்டு மாடி இறங்கி வாசலுக்கு வந்திருப்பார். இப்போது எழுந்து போக இடமில்லை. அதனால் பயம் நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிறது, அவர் முதன்முறையாக அதன் முகத்தைப் பார்க்கிறார். இத்தனை ஆண்டு புகை எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது. துக்கத்தை, தனிமையை, ஒருவரிடம் சொல்லத் தெரியாத கோபத்தை, சில நேரம் மகிழ்ச்சியைக்கூட, முழுதாகத் தொடும் முன்பே ஒரு புகைத்திரை போட்டு அவர் கடந்து வந்திருக்கிறார்.

இன்னொன்றையும் அவர் காண்கிறார். நான் எண்ணிப் பார்த்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆசை எழுகிறது, ஏறுகிறது, இனித் தாங்காது என்னும் உயரத்துக்குப் போகிறது, பிறகு அவர் எதுவுமே கொடுக்காத நிலையில், சில நிமிடங்களில், தானே இறங்கிப் போய்விடுகிறது. கையில் சிகரெட் இருந்த காலத்தில் இதை அவர் ஒரு முறையும் கண்டிருக்க முடியாது. ஏனென்றால் ஆசை உச்சிக்குப் போகும் முன்பே அதற்குக் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டதால், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது முப்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரியாமலேயே இருந்தது. ஆசைப்படுகிறேன் என்பதற்கும் அடைந்தே ஆக வேண்டும் என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதையும், அந்த இடைவெளியில் நின்று பார்க்கிற ஒருவர் தமக்குள்ளேயே இருக்கிறார் என்பதையும், ஆசை வருவது அவர் கையில் இல்லையென்றாலும் அதற்குப் பணிவதும் பணியாததும் அவர் கையில்தான் இருக்கிறது என்பதையும் எந்த நூலும் சொல்லாமல் தம் உடம்பிலேயே கண்டறிகிறபோது, ஒருவர் விட்டது ஒரு புகையிலைச் சுருளை மட்டுமாக இருப்பதில்லை. கோபம் எழும்போதும், பொருளாசை எழும்போதும், பிறர் புகழுக்கு உள்ளம் ஏங்கும்போதும் அதே இடைவெளியில் போய் நிற்பதற்கான வழி அவருக்குத் திறந்துவிடுகிறது. ஃப்ராய்டிடம் இல்லாதிருந்த அறிவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். இது விடாதவருக்குக் கிடைக்காத அறிவு. மனசு வந்து விடுவதில்லை; விட்டவருக்குத்தான், கோடு மேலேறும் அந்த மாதங்களில், மனசு வருகிறது.

ஆகவே விட்ட பிறகும் ஆசை இருக்கிறதே என்று நாணுவதில் பொருளில்லை. கனவில் புகைத்துவிட்டுக் குற்றவுணர்வோடு எழுகிறவர்கள் உண்டு. பல ஆண்டு கழித்து, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், பக்கத்தில் நிற்பவரின் புகை மூக்கில் பட்டதும் நெஞ்சு ஒரு கணம் தவித்துப்போகிறவர்கள் உண்டு. இவர்கள் யாரும் போலிகள் அல்லர். கல்யாண வீட்டில் நண்பர்கள் நடுவே ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, 'எல்லாம் போச்சு' என்று மறுநாளே ஒரு பாக்கெட் வாங்குகிறவரின் தவறும் அந்த ஒரு சிகரெட்டில் இல்லை. 'எல்லாம் போச்சு' என்ற தீர்ப்பில் இருக்கிறது. விட்டு நிலைத்தவர்களில் மிகப் பலர் முன்பு பலமுறை விட்டுத் திரும்பியவர்களே. மாத்திரையோ நிகோடின் சூயிங்கமோ எடுத்துக்கொண்டு விட்டவர் ஏதோ குறைந்தவர் என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. வீண் எண்ணம் அது. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டால் யாரும் வீரம் குறைந்தவர் என்பதில்லை.

தனிமனிதரின் உள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். சிகரெட் அட்டையின் இரு முகப்பிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் நம் கடைகளில் பெரும்பாலானோர் ஒன்றோ இரண்டோ சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். அட்டை கடைக்காரரின் மேசையிலேயே இருந்துவிடுகிறது. எச்சரிக்கையை அதிகம் பார்ப்பவர் விற்பவர்தான். அதே அட்டையில் அரசு வரியையும் வாங்கிக்கொள்கிறது. நெல்லை, தென்காசிப் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுதும் பீடி சுற்றுகிற பெண்கள், ஒரு பீடியும் குடிக்காமலே அந்தத் தூளை மூச்சில் வாங்குகிறார்கள். விடு என்று ஒருவரிடம் சொல்லும்போது, விடவிடாமல் அவரைச் சூழ்ந்து நிற்பவை எவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

"இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. 1950இல் லண்டன் நோயாளிகளை ஆராய்ந்து, புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிராட்ஃபோர்டு ஹில்லோடு சேர்ந்து வெளியிட்ட ரிச்சர்ட் டால், தாமே புகைத்தவர். தம் மேசையில் சேர்ந்துகொண்டிருந்த விடைகளைப் பார்த்து அதை நிறுத்தியவர். 1951இல் அவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகளின் முடிவு 2004இல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. 40இல் விட்டவர்களுக்குச் சுமார் ஒன்பது, 50இல் ஆறு. 60 வயதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டு கிடைத்தது. பேரப்பிள்ளை நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்ளும் காலம் அது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வாரம் விட்டிருந்தால், சிடுசிடுப்பார், தூங்கமாட்டார், இருமல்கூடச் சில நாள் கூடுதலாக வரும். "இதுக்கு நீங்க குடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விட நினைப்பவர் நீங்களாக இருந்தால், மனசு வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள், துணை வேண்டுமானால் கேளுங்கள். அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356. ஒவ்வொரு சிகரெட் அட்டையிலும் அதை அச்சிட்டிருக்கிறார்கள். சில்லறையாக வாங்குபவர் கண்ணில் படாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.